திறப்பு விழாவுக்கு மறுநாள்: நகரத்து விளையாட்டரங்கம் யார் பொறுப்பு?

சென்னை மாநகராட்சியின் தலைமையிடமான ரிப்பன் மாளிகைக்கு மிக அருகில், பெரியமேட்டில், ஒரு காலத்தில் மாநகராட்சி அரங்கம் என்றே ஒரு விளையாட்டரங்கம் இருந்தது. 1956 ஜனவரியில் அங்கே நடந்த டெஸ்ட் போட்டியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். அந்த உலக சாதனையை முறியடிக்க 52 ஆண்டுகள் ஆயின. பிறகு டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. 1993இல் பழைய அரங்கம் இருந்த இடத்தில் ஏறத்தாழ 40,000 பேர் அமரக்கூடிய ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளின் தொடக்க விழாவும் அங்கேதான் நடந்தது. இன்று அந்த அரங்கத்தை நிர்வகிப்பது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். ரிப்பன் மாளிகையில் அமர்ந்திருக்கும் மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் அதில் பங்கு ஏதுமில்லை.

இந்தியாவின் பெரும்பாலான நகரங்களில் கதை இதுதான். பொதுப் பணத்தில் அரங்கம் கட்டப்படுகிறது. ஒரு பெரிய போட்டிக்காகப் புதுப்பொலிவு பெறுகிறது. போட்டி முடிந்ததும் மெல்ல மங்குகிறது. அடுத்த பெரிய போட்டி வரும்போது மறுபடியும் கோடிகள் இறங்குகின்றன. இதற்குக் காரணம் கேட்டால் பணப் பற்றாக்குறை என்பார்கள், மக்களுக்குப் பொறுப்பில்லை என்பார்கள், ஊழல் என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நன்றாக நடக்கும் அரங்கங்களையும் நொடித்துப்போன அரங்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து அந்த அரங்கத்துக்காகப் பதில் சொல்ல யார் இருக்கிறார் என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. பராமரிப்பவர் பெயர் எங்கேயும் இல்லை. நகரத் தலைமையின் குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

யாருடைய அரங்கம்?

அரசியல் சட்டப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில், 33ஆவது இனத்தில் இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாவது அட்டவணையோ, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற நகர வசதிகளை நகராட்சிகளின் பணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நடைமுறையில் தெருமுனைத் திடல் மாநகராட்சியிடம் இருக்கிறது, பெரிய அரங்கம் மாநில அரசின் துறையிடமோ ஆணையத்திடமோ இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் மாநகராட்சித் திடலில் ஓடப் பழகுகிறான். அவனுக்குத் திறமை இருந்தால் அடுத்த கட்டத்துக்கு மாநில அரசின் அரங்கத்துக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் இடையில் பாலம் போடும் பொறுப்பு யாருக்கும் எழுதி வைக்கப்படவில்லை.

உரிமை பல வடிவங்களில் இருக்கிறது. கொச்சி கலூரில் உள்ள நேரு அரங்கம் 1996இல் பெருநகர் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டியது. அது மனை, கடை, சாலை ஆகியவற்றைக் கவனிக்கும் நகர வளர்ச்சி அமைப்பு. சேப்பாக்கமும் பெங்களூரின் சின்னசாமி அரங்கமும் அரசு நிலத்தில் குத்தகைக்கு நிற்பவை. அவற்றை நடத்துவது கிரிக்கெட் சங்கங்கள். திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள கிரீன்ஃபீல்டு அரங்கம் கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில், 2015 தேசிய விளையாட்டுகளுக்காகத் தனியார் நிறுவனத்தின் முதலீட்டில் எழுந்தது. யாழ்ப்பாணத்தின் துரையப்பா அரங்கமோ மாநகர சபைக்கே சொந்தமானது. 1975இல் சுட்டுக் கொல்லப்பட்ட நகர மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது. போரினால் 1997 முதல் பயன்பாடின்றிக் கிடந்த அது, இந்திய அரசின் ஏறத்தாழ 7 கோடி ரூபாய் உதவியால் புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூனில் மறுபடி திறக்கப்பட்டது. 1,850 பேர் அமரக்கூடிய சிறிய அரங்கம்தான். ஆனாலும் அது எந்த நிலையில் இருக்கிறது என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கேட்க விரும்பினால், எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சென்னையில், மதுரையில், திருச்சியில் இருப்பவருக்கு அது அவ்வளவு தெளிவில்லை.

உரிமை யாரிடம் இருந்தாலும் அரங்கம் நன்றாக நடக்க முடியும். மாநில அரசின் அரங்கங்களில் சிறந்தவை உண்டு, உள்ளாட்சி அரங்கங்களில் மோசமானவையும் உண்டு. ஆபத்து உரிமை சிதறிக் கிடக்கும்போதுதான் வருகிறது. நிலம் ஒருவருக்கு, கட்டடம் இன்னொருவருக்கு, மின்சாரப் பராமரிப்பு பொதுப்பணித் துறைக்கு, சுற்றியுள்ள கடைகளின் வாடகை மாநகராட்சிக்கு, பயிற்சியாளர் சம்பளம் வேறொரு துறைக்கு என்று பிரிந்திருந்தால், உயர்கோபுர விளக்கு ஒன்று எரியாமல் போனால்கூட அதற்கான ஃபைல் மூன்று மேசைகளைச் சுற்றிவர வேண்டியிருக்கும். அதற்குள் மாவட்டப் போட்டிகள் முடிந்துவிடும்.

பராமரிப்பு எங்கே தோற்கிறது?

செயற்கை இழை ஓடுதளத்தின் உள்விளிம்பை ஒட்டி ஒரு குறுகிய வடிகால் ஓடும். எட்டுத் தடங்களும் அந்தப் பக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத அளவு சரிந்திருக்கும், நூறு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாத சரிவு. பெய்யும் மழை அத்தனையும் அந்த வடிகாலில் இறங்கி வெளியேற வேண்டும். இலைச்சருகும் தண்ணீர் பாட்டில் மூடிகளும் மண்ணும் சேர்ந்து அதை அடைத்துக்கொண்டால் நீர் விளிம்பிலேயே தேங்கும். கீழே இருப்பது தார்த்தளம், அதன்மேல் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் கனத்துக்கு ரப்பர் அடுக்கு. தேங்கிய நீர் இரண்டுக்கும் நடுவே ஊறி ஒட்டுதலை விடுவிக்கும். வெயில் ஏறும்போது ரப்பர் அடுக்கு உள்ளங்கை அளவுக்குக் குமிழாக எழும்பும். அதன்மேல் ஆணி பதித்த ஸ்பைக்ஸ் காலணி பட்டால் கிழியும். கிழிசல் வழியாக இன்னும் நீர் இறங்கும். இப்படி முதலில் பாழாவது முதல் தடம், எல்லோரும் அதிகம் ஓடும் தடமும் அதுவே. இரண்டு மழைக்காலம் இப்படிப் போனால் புதிய தளம் போட டெண்டர் விடுவதைத் தவிர வழியிருக்காது. வாரம் ஒருமுறை ஒருவர் துடைப்பத்தோடு அந்த வடிகாலைச் சுற்றி வந்திருந்தால் இவ்வளவும் தவிர்ந்திருக்கும்.

நீளம் தாண்டும் குழியும் இப்படித்தான். மழைக்குப் பிறகு மண் இறுகிக் கெட்டியாகும். மண்வெட்டியால் கிளறி, கட்டியை உடைத்து, பரப்பி, பலகையால் சமன் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் அந்தக் குழியில் விழும் பதினான்கு வயதுப் பெண்ணின் கணுக்காலோ முழங்காலோ போய்விடும். ஹாக்கிக்கான செயற்கைப் புல்தரை தண்ணீர் தெளித்து ஆடுவதற்காகவே செய்யப்பட்டது. மோட்டார் பழுதானால் உலர்ந்த தரையில் பந்து தடுமாறும், விழுந்தால் முழங்கை உரியும், இழைகளும் சீக்கிரம் தேயும். இவை எல்லாம் சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலைகள். அந்தச் சில ஆயிரத்துக்கான பில்லில் அன்றே கையெழுத்துப் போடும் அதிகாரம் அரங்கத்தில் இருப்பவருக்கு இருக்க வேண்டும். அவருக்கு அது இல்லாததால் சின்ன வேலை நின்றுபோகிறது, நின்ற வேலை பெருஞ்செலவாகத் திரும்பி வருகிறது.

இந்தச் சுழற்சியைப் பெரிய அளவில் பார்க்க தில்லி போதும். 1982 ஆசிய விளையாட்டுகளுக்காகக் கட்டிய ஜவஹர்லால் நேரு அரங்கம் 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக 900 கோடி ரூபாய்க்கும் மேலான செலவில் புதுப்பிக்கப்பட்டது. போட்டி தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன் அரங்கத்தை ஒட்டிக் கட்டப்பட்டுவந்த நடைமேம்பாலம் இடிந்து தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். 2025இல் உலக மாற்றுத்திறனாளிகள் தடகளப் போட்டி அங்கே நடந்தபோது புதிய ஓடுதளம் போட்டார்கள். அதே போட்டியின்போது கென்யாவையும் ஜப்பானையும் சேர்ந்த பயிற்சியாளர்கள் இருவரைத் தெருநாய்கள் கடித்தன. அடுத்த மாதமே, அரங்கத்தை இடித்துவிட்டு அங்கே விளையாட்டு நகரம் ஒன்றை உருவாக்கும் திட்டம் வெளியானது. உலகத் தரத்தில் ஓடுதளம் போட முடிந்த நிர்வாகத்தால் சுற்றுச்சுவருக்குள் நாய் வராமல் பார்த்துக்கொள்ள முடியவில்லை. முதலாவது வேலைக்கு ஒப்பந்தமும் விழாவும் உண்டு. இரண்டாவது வேலை தினமும் செய்ய வேண்டியது, அதற்கு விழா கிடையாது.

கதவு யாருக்குத் திறக்கிறது?

2022 மே மாதம் தில்லியின் தியாகராஜ் அரங்கத்தில் பயிற்சி செய்யும் வீரர்கள் மாலை ஏழு மணிக்குள் வெளியேறும்படி சொல்லப்படுவதும், அதன்பின் ஓர் உயர் அதிகாரி தம் நாயோடு அங்கே நடப்பதும் பத்திரிகையில் வெளிவந்தது. நாடே கொதித்தது. அந்த அதிகாரி லடாக்குக்கு மாற்றப்பட்டார். அந்த இடமாற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அன்றே தில்லி அரசு தன் விளையாட்டு வளாகங்கள் அனைத்தையும் இரவு பத்து மணி வரை திறந்துவைக்க உத்தரவிட்டது. வட இந்திய மே மாதத்து வெயிலில் ஓட்டக்காரர்களால் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் உருப்படியாகப் பயிற்சி செய்ய முடியும். அவர்கள் நீண்ட நாளாகக் கேட்டுவந்த ஒன்றை அந்தச் செய்தி வெளிவந்த நாளில் அரசால் ஒரே தாளில் கொடுக்க முடிந்தது. நேரத்தைக் கூட்டப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவைப்படவில்லை, ஒரு முடிவு போதுமானதாக இருந்தது.

சென்னையிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. 2024 அக்டோபரில் மாநகராட்சியின் 9 செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கவும், ஆடுபவர் ஒருவரிடம் மணிக்கு 120 ரூபாய் கட்டணம் பெறவும் மாமன்றத்தில் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு வெடித்ததும் உடனே திரும்பப் பெறப்பட்டது. வியாசர்பாடியும் புளியந்தோப்பும் கால்பந்தை மூச்சாகக் கொண்ட இடங்கள். அங்கே ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணி நேரம் ஆடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய் ஆகும். அந்தக் கட்டணத்தைக் கொடுக்க முடியாதவர்களின் பிள்ளைகளிலிருந்துதான் இந்த நகரத்தின் கால்பந்து வளர்ந்திருக்கிறது. தீர்மானம் வாபஸ் பெறப்பட்டதில் மாமன்றத்துக்குப் பெருமை உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையில் இருந்ததால்தான் அது அவ்வளவு வேகமாகத் திரும்பியது. ஆனால் திடலைப் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை அப்போதும் சொல்லப்படவில்லை. கட்டணம் வேண்டாம் என்று சொல்லும் மன்றம், ஆண்டு பட்ஜெட்டில் அதற்கான தொகையைத் தனித் தலைப்பில் காட்ட வேண்டும். அப்போதுதான் அந்த முடிவு நிலைக்கும்.

கதவு திறந்திருப்பதற்கு இன்னும் சில அர்த்தங்கள் உண்டு. தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும், பூட்டிச் சாவியை யாரோ எடுத்துப் போகாத பெண்கள் கழிப்பறை வேண்டும். அது இல்லாத அரங்கத்தில் பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு வரும் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பாதை வேண்டும், அது விஐபி வாசல் வழியாக மட்டும் இருக்கக் கூடாது. காலை நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களும் வேகமாக ஓடும் வீரர்களும் மோதிக்கொள்ளாதபடி தடங்களையும் நேரத்தையும் பிரிக்க வேண்டும். நடப்பவர்களுக்கு வெளித்தடம், ஓடுபவர்களுக்கு உள்தடம் என்று வாசலில் எழுதி ஒட்டினால் பாதிப் பூசல் அங்கேயே தீர்ந்துவிடும்.

வாடகையும் வருமானமும்

சென்னையில் நேரு உள்விளையாட்டரங்கம் என்றதும் பலர் நினைவுக்கு வருவது பட இசை வெளியீட்டு விழா. பொன்னியின் செல்வனுக்கும் ஜெயிலருக்கும் அங்கேதான் விழா நடந்தது. 2022 செஸ் ஒலிம்பியாடின் தொடக்க விழாவும் அங்கேதான். விழாக்களுக்கு வாடகைக்கு விடுவதில் தவறில்லை. அரங்கம் தன் செலவில் ஒரு பகுதியையாவது ஈட்டட்டும். கேள்வி, அந்த வாடகை அரங்கத்தின் கணக்குக்கே வருகிறதா, ஆண்டில் எத்தனை நாள் விளையாட்டுக்கு என்று உறுதியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது, விழா முடிந்த மறுநாள் தரையைச் சோதிப்பது யார் என்பவைதான்.

இந்த மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலூர் அரங்கமே சாட்சி. 2018இல் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதும் ஒருநாள் போட்டிக்காக, இளையோர் கால்பந்து உலகக் கோப்பைக்கென ஓராண்டுக்கு முன்தான் சீராக்கிய அதன் புல்தரையைத் தோண்டிக் கிரிக்கெட் ஆடுகளம் போட யோசித்தார்கள். கால்பந்து ரசிகர்கள் திரண்டு எதிர்த்தார்கள், சச்சின் டெண்டுல்கர்கூடக் குரல் கொடுத்தார். கடைசியில் போட்டி திருவனந்தபுரத்துக்குப் போனது. 2024 டிசம்பரில் அதே அரங்கத்தில் ஒரு மாபெரும் நடன நிகழ்ச்சி நடந்தது. அதற்காகப் போட்ட தற்காலிக மேடையிலிருந்து சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் தவறி விழுந்து படுகாயமடைந்தார். மேடையின் விளிம்பில் உறுதியான தடுப்பு இல்லை. அரங்கத்தை வாடகைக்கு விட்டவரின் கடமை பணத்தைப் பெற்றுக்கொண்டதோடு முடிவதில்லை என்பதைக் கேரளம் மிக வேதனையான வழியில் அறிந்துகொண்டது.

தனியாரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் அந்த மாநிலமே சோதித்துப் பார்த்திருக்கிறது. காரியவட்டத்து அரங்கத்தைக் கட்டி, பல ஆண்டுகள் நடத்தும் பொறுப்பை ஏற்றது ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். குழுமத்தின் துணை நிறுவனம். 2018இல் அந்தக் குழுமமே கடனில் நொடித்தது. அதன்பின் அரங்கத்தின் பராமரிப்பு தொய்ந்தது. ஒப்பந்தத்தில் எவ்வளவு நல்ல விதிகள் எழுதியிருந்தாலும், எதிர்த் தரப்பு மூழ்கும்போது நகரத்துக்கு அரங்கம் மட்டும் மிஞ்சும், அதைப் பார்க்க ஆள் மிஞ்ச மாட்டார்கள்.

வெளிநாட்டு அனுபவத்தில் மூன்று நகரங்களை மட்டும் பார்த்தால் போதும். மான்ட்ரியல் 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கத்தின் கடனை அடைத்து முடிக்க 30 ஆண்டுகள் ஆயின. புகையிலை வரியைக்கூட அதற்காகத் திருப்ப வேண்டியிருந்தது. லண்டன் 2012 அரங்கத்தைக் கால்பந்துக்கு ஏற்ப மாற்ற 30 கோடி பவுண்டுக்கும் மேல் செலவானது. 2016 முதல் வெஸ்ட் ஹாம் அணி 99 ஆண்டுக் குத்தகையில் அங்கே ஆடுகிறது. குத்தகையின் தொடக்கத்தில் அணி தந்த அடிப்படை வாடகை ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு. பொது நிதியிலிருந்து ஆண்டுதோறும் அந்த அரங்கத்துக்குப் போவதோ அதைவிட மிக அதிகம். மான்செஸ்டர் மாநகர மன்றம் வேறு மாதிரி யோசித்தது. 2002 காமன்வெல்த் போட்டிகளுக்கான அரங்கத்தைக் கட்டும்போதே, பின்னால் அதில் குடியேறப்போகும் கால்பந்து அணி எது என்று முடிவு செய்துவிட்டது. போட்டி முடிந்ததும் ஓடுதளத்தை எடுத்து, தரையைத் தாழ்த்தி, இன்னொரு வரிசை இருக்கைகளைச் சேர்த்தார்கள். 2003இல் மான்செஸ்டர் சிட்டி அங்கே வந்தது. பக்கத்தில் இருந்த பயிற்சித் தடகளத் திடல் நகர மக்களுக்கென்று தங்கியது. உரிமை இன்றும் மன்றத்திடமே இருக்கிறது. போட்டிக்கு அடுத்த நாளைப் பற்றிய முடிவை அந்த நகரம் போட்டிக்கு முன்பே எடுத்துவிட்டிருந்தது. 2030 காமன்வெல்த் போட்டிகளை நடத்தப்போகும் அகமதாபாத் கற்க வேண்டிய பாடமும் இதுதான்.

பாதுகாப்பும் அனுமதியும்

அரங்கத்தின் சுவர்களுக்கு வெளியே நகர நிர்வாகத்தின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூர் அணியின் முதல் ஐபிஎல் வெற்றியைக் கொண்டாட சின்னசாமி அரங்கத்தின் வாசல்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். உள்ளே இடமிருந்தது ஏறத்தாழ 35,000 பேருக்கு. நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். நகரத்தின் நடுவில் இருக்கும் ஓர் அரங்கத்துக்கு எத்தனை பேர் வரலாம், எந்த வழியாக வரலாம், வாசல் எப்போது திறக்கும் என்று காவல் துறை, மாநகராட்சி, மெட்ரோ, சங்கம் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த மேசைக்குத் தலைமை தாங்கும் ஒருவர் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். துயரம் நடந்தபின் யார் அனுமதி கொடுத்தார் என்று தேடும் நிலையே தலைமை இல்லாததற்கு அத்தாட்சி.

அனுமதியை அலட்சியம் செய்தால் வரும் இழப்பைச் சென்னை நன்றாக அறியும். 2011 உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் கட்டிய ஐ, ஜே, கே மாடங்கள் கட்டட விதிகள் தொடர்பான சிக்கலால் பூட்டப்பட்டன. ஏறத்தாழ 12,000 இருக்கைகள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. 2019 ஐபிஎல் இறுதிப் போட்டி சென்னையில் நடக்க வேண்டியது. அந்த மாடங்களுக்கு அனுமதி கிடைக்காததால் ஹைதராபாத்துக்குப் போனது. சங்கமும் அரசும் மாநகராட்சியும் வரைபடத்தின் கட்டத்திலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் சிமெண்ட் போடுவதற்கு முன்பே தீர்ந்திருக்கக்கூடிய பிரச்சினை அது.

தலைமை செய்து காட்டியது

நம்பிக்கை தரும் எடுத்துக்காட்டும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2017 ஆசியத் தடகளப் போட்டியை நடத்தும் பொறுப்பிலிருந்து ராஞ்சி விலகியபோது புவனேஸ்வர் அதை ஏற்றது. ஏறத்தாழ 90 நாளில் கலிங்கா அரங்கத்தைத் தயார் செய்தது. 2018இல் ஹாக்கி உலகக் கோப்பை அங்கே நடந்தது. 2023இல் மறுபடியும் நடந்தது, ரூர்கேலாவில் கட்டிய புதிய பிர்சா முண்டா அரங்கமும் சேர்ந்துகொண்டது. 2018 முதல் ஒடிசா அரசே இந்திய ஹாக்கி அணிகளுக்கு ஆதரவாளராக நிற்கிறது.

இதை அன்றைய முதலமைச்சர் நவீன் பட்நாயக் என்ற ஒருவரின் ஆர்வம் என்று சுருக்கிவிடலாம். ஆர்வம் இருந்தது உண்மைதான். ஆனால் கலிங்கா நின்றது வளாகத்துக்குள் தொடங்கிய உயர் செயல்திறன் பயிற்சி மையங்களால். போட்டி இல்லாத நாள்களிலும் அரங்கத்தில் வீரர்கள் இருந்தார்கள். வீரர்கள் இருந்ததால் விளக்கு எரிந்தது, தரை பராமரிக்கப்பட்டது, குறை இருந்தால் அன்றே தெரிந்தது. 2024இல் ஆட்சி மாறியது. புதிய அரசு ஹாக்கிக்கான ஆதரவை நிறுத்தாமல் 2036 வரை நீட்டித்தது. ஒரு தலைவரின் வேலை அவர் பதவி இறங்கிய பிறகும் நடந்தால்தான் அது தலைமை.

சென்னையில் எழும்பூரின் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கமும் 2023 ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பைக்காகப் புதுப்பிக்கப்பட்டது. இறுதிப் போட்டியில் மலேசியாவை 4-3 என்று இந்தியா வென்றபோது கேலரி நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டமும் தமிழ்நாட்டில் நடந்துவருகிறது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் எண்ணிக்கை கூடக் கூடப் பொறுப்பும் கூடுகிறது. 234 இடங்களில் வடிகாலைச் சுத்தம் செய்யும் ஆள் யார் என்ற கேள்விக்கு இப்போதே விடை எழுதிவைக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, ஒவ்வொரு அரங்கத்துக்கும் ஒரு மேலாளர். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் வாசலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது மூன்றாண்டு மாறாமல் இருக்க வேண்டும். ஒரு வரம்புக்குள் பழுதுபார்க்கும் செலவுக்கு அவரே கையெழுத்திடலாம் என்ற அதிகாரம் வேண்டும்.

இரண்டாவது, பராமரிப்பு நிதி. கட்டுமானத்துக்கு ஒப்புதல் தரும் அதே ஆணையில், செயற்கைத் தளம் எட்டு முதல் பத்து ஆண்டில் மாற்றப்பட வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்து, ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் சேர்க்க வேண்டும். வாடகை வருமானமும் அதே கணக்குக்கு வர வேண்டும்.

மூன்றாவது, நாள்காட்டி. அடுத்த மூன்று மாதங்களில் எந்த நாள் பயிற்சிக்கு, எந்த நாள் போட்டிக்கு, எந்த நாள் விழாவுக்கு என்று வாசலிலும் இணையத்திலும் போட வேண்டும். மாவட்டப் போட்டிக்கு முந்தைய வாரங்களில் விழாவுக்கு இடம் தரக் கூடாது. விழா நடத்துபவரிடம் முன்பணம் வாங்கி, முன்னும் பின்னும் தரையைச் சோதித்த பிறகே திருப்பித் தர வேண்டும்.

நான்காவது, பயன்படுத்துபவர்களின் குழு. உடற்கல்வி ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள், வீராங்கனைகள், மாற்றுத்திறனாளி வீரர்கள், நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், அந்த வார்டின் கவுன்சிலர் ஆகியோர் மாதம் ஒருமுறை கூட வேண்டும். தீர்மானங்களை எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும். அரங்கம் மாநில ஆணையத்துக்குச் சொந்தமானாலும் மாநகராட்சிக்கு இந்தக் குழுவில் நிரந்தர இடம் வேண்டும். சாலை, வடிகால், குப்பை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை எல்லாம் மாநகராட்சி வேலைகள். அவை சரியில்லாமல் எந்த அரங்கமும் சரியாக இருக்க முடியாது.

ஐந்தாவது, ஆண்டு அறிக்கை. கட்டட உறுதி, மின்சாரம், தீயணைப்பு, கழிப்பறை, தளத்தின் நிலை, எத்தனை பேர் பயிற்சி செய்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று நான்கு பக்கத்தில் வெளியிட்டால் போதும். கவுன்சிலர்கள் மாமன்றத்திலும், மக்கள் பகுதி சபையிலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம்.

மாநகராட்சிக்குக் குடிநீரும் குப்பையும் சாலையும் இருக்கும்போது விளையாட்டரங்கம் அவ்வளவு அவசரமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்ன ஐந்தில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. ஏற்கெனவே செலவழித்த கோடிகளைக் காப்பாற்றும் வழிகள் அவை. சர்வதேசப் போட்டிகள் வந்தால்தான் அரங்கம் சீராகும் என்று வேறு சிலர் சொல்வார்கள். போட்டிகள் வரட்டும், அவை நகரத்துக்குப் பெருமை, பிள்ளைகளுக்குக் கனவு. ஆனால் பத்து நாள் விருந்தாளிக்காகப் பளபளக்கும் அரங்கம் மீதி 355 நாளும் தன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூட்டிக் கிடந்தால் அந்தப் பெருமைக்குப் பொருளில்லை.

அடுத்த தேர்தலில் ஏதோ ஒரு கட்சி உங்கள் ஊருக்கு உலகத் தரத்தில் அரங்கம் கட்டித் தருவதாக வாக்குறுதி தரும். கைதட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பத்தாவது ஆண்டில் அதன் ஓடுதளத்தை மாற்றும் செலவை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பீர்கள்? அதுவரை தினமும் அதற்காகப் பதில் சொல்லப்போகிறவர் யார்? இந்த இரண்டுக்கும் விடை வைத்திருப்பவருக்குத்தான் அடிக்கல் நாட்டத் தகுதி உண்டு.